பௌதிகவியல் செய்முறை அறிக்கை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் உள்ள சில பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து வருகிறேன். அதற்கு முன் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவருக்குச் செய்முறை விளக்குநராக இருந்தேன். இரண்டு இடத்திலும் என் மேசையில் குவிந்தவை செய்முறைக் கொப்பிகள்தான். அவற்றைத் திருத்தும்போது மாணவர்களும் சக ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் எளிய ஊசலையே, அதாவது நூலில் தொங்கும் குண்டு ஆடும் நேரத்திலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் செய்முறையையே, எடுத்திருக்கிறேன். நூலும் குண்டும் நிறுத்தற் கடிகாரமும் எங்கும் கிடைக்கும். எழுதும்போது வருகிற சிக்கல்கள் முக்கால்வாசியும் அந்தச் சின்னச் செய்முறையிலேயே வந்துவிடுகின்றன.

செய்முறையை ஒழுங்காகச் செய்தால் போதாதா? எழுதுவதற்கு ஏன் இவ்வளவு பாடு?

ஆய்வுகூடத்தில் நீங்கள் இரண்டு மணித்தியாலம் நின்று கண்டதை, அங்கே இல்லாத ஒருவர் அறிவதற்கு நீங்கள் எழுதிய பக்கத்தை விட்டால் வேறு வழியில்லை. நூலின் நீளத்தை மிக நுணுக்கமாக அளந்திருப்பீர்கள். ஆனால் அளந்தது குண்டின் உச்சிவரையா நடுவரையா என்று எழுதாமல் விட்டால் அந்த அளவீட்டை வைத்து வேறு யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டு மாதம் போனால் உங்களாலும் முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் வராமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்கென்று தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களில்தான் செய்முறை அறிவு சோதிக்கப்படுகிறது. அங்கே புள்ளிக்கோட்டின் மேல் ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்தது. "இடமாறு தோற்ற வழுவைக் குறைப்பதற்கு" என்று அந்த ஒரு வரியை எழுத எல்லோரும் கெட்டிக்காரர்கள். அந்த வழுவை, அதாவது கண்ணைச் சரிவாக வைத்து வாசிப்பதால் வரும் பிழையை, தாங்கள் எப்படிக் குறைத்தார்கள், கண்ணை எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்று நாலு வசனம் எழுதச் சொன்னால் பேனை நின்றுவிடுகிறது. இதைப் பிள்ளைகளின் குறையாக நான் பார்க்கவில்லை. நாங்கள் கேட்காததை அவர்கள் பழகவில்லை.

யாருக்காக எழுதுவது? திருத்துகிற சேருக்கு எல்லாம் தெரியும்தானே?

தெரியும். அதனால்தான் சேரை மனதில் வைத்து எழுத வேண்டாம் என்கிறேன். அன்றைக்குக் காய்ச்சலால் வராமல் போன கூட்டாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பௌதிகவியல் தெரியும், ஊசல் என்றால் என்னவென்றும் தெரியும். அன்று உங்கள் மேசையில் என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது.

வகுப்பில் நான் செய்விக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு குழு எழுதிய செய்கைமுறையை அடுத்த குழுவிடம் கொடுத்து, அதில் உள்ளபடியே செய்யச் சொல்வேன். எழுதியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை "நூலில் குண்டைக் கட்டி ஆட்டினோம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வாசித்த பிள்ளை குண்டைக் கிடைமட்டம் வரைக்கும் தூக்கி விட்டார். எழுதிய குழுவுக்குப் பொறுக்கவில்லை.

"சின்னக் கோணம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க எழுதல்லயே!"

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்தக் குழு கோணத்தை எழுத மறந்ததை நான் காணவில்லை. "தெளிவாக எழுதுங்கள்" என்று நான் ஒரு வருடம் சொல்லியிருந்தாலும் அந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

கைநூலில் உள்ள செய்கைமுறையை அப்படியே பார்த்து எழுதலாமா?

கூடாது. அதற்கு இலக்கணத்திலேயே காரணம் இருக்கிறது. கைநூல், செய்யப்போகிறவரைப் பார்த்துப் பேசுகிறது: "குண்டைத் தொங்கவிடுக", "20 அலைவுகளுக்கான நேரத்தைக் காண்க". அறிக்கையில் பேசுகிறவர் செய்து முடித்தவர். அவருடைய காலம் இறந்தகாலம். சிலர் "நேரத்தைக் காண்க" என்பதை "நேரம் காணப்பட்டது" என்று வினையை மட்டும் மாற்றிவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறார்கள். அப்படி மாற்றினாலும் அது கைநூலின் வசனம்தான். உங்கள் மேசை அதில் இல்லை.

உங்கள் மேசை இருக்கிற பந்தி இப்படி இருக்கும்: "குண்டை ஏறத்தாழ 5 பாகை விலக்கி விட்டோம். யன்னலால் வந்த கச்சான் காற்றில் குண்டு நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றியது. ஆகவே முதல் இரண்டு வாசிப்புகளையும் கைவிட்டு, யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினோம். குண்டு ஓய்வில் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் ஊசியை அடையாளமாக நிறுத்தி, நூல் அதைக் கடக்கும்போது கடிகாரத்தை இயக்கினோம்." இதை வாசிக்கும்போதே இந்தப் பிள்ளை அங்கே நின்றிருக்கிறார் என்று தெரிகிறது.

"அளக்கப்பட்டது" என்று எழுதினால்தான் விஞ்ஞானம்போல இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றிரண்டு இடத்தில் அது பொருந்தும். பந்தி முழுவதும் "பட்டது, பட்டது" என்று வந்தால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். "நாங்கள் அளந்தோம்" என்பதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் ஆசிரியர் செயப்பாட்டு வினைதான் வேண்டும் என்றால் அப்படியே எழுதுங்கள், அது வழக்காடுகிற விடயம் இல்லை.

இதிலே தமிழ் நமக்குத் தரும் ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். "நாங்கள்" என்றால் வாசிப்பவர் அதில் சேரமாட்டார், "நாம்" என்றால் சேர்வார். ஆகவே செய்ததைச் சொல்லும்போது "நாங்கள் அளந்தோம்" என்று எழுதுங்கள். வரைபைக் காட்டி வாசிப்பவரையும் கூட்டிக்கொண்டு போகும்போது "இதிலிருந்து நாம் காண்பது" என்று எழுதுங்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்த பிள்ளைகளின் அறிக்கையில், செய்தது எது, அதிலிருந்து உய்த்தறிந்தது எது என்பது தானாகவே பிரிந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

புவியீர்ப்பு ஆர்முடுகல் எங்களுக்கு 9.81 வரவில்லை, 9.74 வந்தது. வாசிப்பைக் கொஞ்சம் திருத்தலாமா?

திருத்த வேண்டாம். என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, 9.81 என்பது நம் ஊரின் எண் இல்லை. பூமி சுழல்வதாலும், அதன் நடுப்பகுதி சற்றுப் பருத்திருப்பதாலும், புவியீர்ப்பு ஆர்முடுகல் மத்திய கோட்டுக்கு அருகில் குறைவாகவும் முனைவுகளை நோக்கிப் போகப் போகக் கூடுதலாகவும் இருக்கும். மத்திய கோட்டில் 9.78, முனைவில் 9.83 (எல்லாம் செக்கன் வர்க்கத்துக்கு மீற்றரில்). இலண்டன், பாரிஸ் போன்ற இடங்களில் அது 9.81. மட்டக்களப்பு இருப்பது வட அகலக்கோடு ஏறத்தாழ 7.7 பாகையில். இங்கே கடல் மட்டத்தில் எதிர்பார்க்க வேண்டியது 9.78. அதாவது கல்லடியிலோ திருக்கோவிலிலோ இருந்துகொண்டு 9.78 எடுத்த பிள்ளை, அதை அழித்து 9.81 என்று எழுதினால், சரியான விடையைப் பிழையாக்கிவிட்டார்.

1672ஆம் ஆண்டில் ஜோன் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனார். அது நம்மைப்போலவே மத்திய கோட்டுக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 5 பாகையில் இருக்கிறது. பாரிஸில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. கடிகாரம் பழுது என்று நினைத்துப் பேசாமல் திருத்திவைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. செக்கன் ஊசலை (ஒரு வீச்சுக்கு ஒரு செக்கன் எடுக்கும் ஊசலை) எவ்வளவு குறுக்க வேண்டியிருந்தது என்று அளந்து எழுதிவைத்தார். அந்த அளவு 3 மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. பூமி சரியான கோளம் இல்லை என்ற வாதத்துக்கு நியூட்டன் எடுத்துக்கொண்ட சான்றுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் அழிக்கப் பார்க்கும் வித்தியாசமும் அதே வித்தியாசம்தான்.

இரண்டாவது, உங்கள் கருவியால் 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்துக் காண முடியுமா என்று பாருங்கள். ஊசலின் நீளம் 1 மீற்றர், எண்ணியது 20 அலைவுகள் என்று வைப்போம். 9.78 என்றால் நேரம் 40.18 செக்கன், 9.81 என்றால் 40.12 செக்கன். வித்தியாசம் 0.06 செக்கன். கடிகாரத்தை அமுக்கும் கையின் தாமதமோ 0.2 செக்கன் அளவில் இருக்கும். 40 செக்கனில் 0.2 என்பது 0.5 சதவீதம். நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது 1 சதவீதமாகிறது. ஆகவே நேர்மையான விடை, நிச்சயமின்மையோடு: 9.74 ± 0.10. இந்த எல்லைக்குள் 9.78உம் இருக்கிறது, 9.81உம் இருக்கிறது.

அப்படியென்றால் அறிக்கையில் எழுத வேண்டிய வசனம் இது: "எங்கள் பெறுமானம், இந்த அகலக்கோட்டுக்கு எதிர்பார்க்கப்படும் 9.78 உடன் நிச்சயமின்மைக்குள் ஒத்துப்போகிறது. 9.81 இலிருந்து அதைப் பிரித்துக் காட்ட எங்கள் நேர அளவீடு போதாது." இந்த இரண்டு வசனத்துக்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். 9.81 என்று வெட்டித்திருத்திய கொப்பிக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அப்போ எந்த வித்தியாசத்தையும் நிச்சயமின்மைக்குள் போட்டுவிடலாமா?

முடியாது. பரிவுக் குழாய்ச் செய்முறையை எடுங்கள்: குழாயில் ஒலி உரத்துக் கேட்கும் நீளங்களை வைத்து ஒலியின் வேகத்தைக் காண்பது. ஒலியின் வேகம் செக்கனுக்கு 330 மீற்றர் என்று மனப்பாடம் செய்திருப்போம். அது 0 பாகை செல்சியசுக்கு அண்டிய கணக்கு. வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது வேகம் ஏறத்தாழ 0.6 கூடும். கல்முனையில் ஒரு பகல் வேளை ஆய்வுகூடத்தில் 30 பாகை இருந்தால் வேகம் 349 அளவில் வரும். 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையை வைத்துச் செய்தால் இரண்டு பரிவு நிலைகளுக்கும் இடையிலான நீளம் 34.1 சென்ரிமீற்றர். வேகம் 330 என்றால் அது 32.2 ஆக இருக்க வேண்டும். இங்கே வித்தியாசம் 2 சென்ரிமீற்றர் அளவில் வருகிறது. பரிவு நிலையைக் காதால் பிடிப்பதில் அரை சென்ரிமீற்றர் தடுமாறினாலும் இந்த வித்தியாசம் அதற்குள் ஒளியாது.

ஊசலில் கருவியால் பிரிக்க முடியாதது, குழாயில் வெறும் மீற்றர்க்கோலாலேயே பிரிகிறது. எது எந்த வகை என்று சொல்ல நிச்சயமின்மையைக் கணித்தே ஆக வேண்டும். அப்புறம், அறை வெப்பநிலையை எழுதாமல் விட்ட அறிக்கையில் 349 பிழைபோலத் தெரியும். "அறை வெப்பநிலை 30 பாகை" என்ற ஒரே வரி அதைச் சரியான விடையாக்குகிறது.

"மனித வழு" என்று எழுதினால் ஏன் புள்ளி குறைகிறது?

அது ஒன்றையும் சொல்லாததால். எந்த வழு, விடையை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்ற மூன்றையும் சொன்னால்தான் அது விளக்கம்.

ஒரு பிள்ளைக்குப் புவியீர்ப்பு ஆர்முடுகல் 10.84 வந்தது. "மனித வழுக்களால் விடை சற்று மாறியது" என்று எழுதிவிட்டார். நான் அவரைக் கூப்பிட்டு மறுபடி எண்ணிக் காட்டச் சொன்னேன். கடிகாரத்தை அமுக்கும்போதே "ஒன்று" என்று தொடங்கினார். அங்கே "பூச்சியம்" என்றல்லவா தொடங்க வேண்டும்? அவர் 20 என்று முடித்தபோது ஊசல் ஆடியிருந்தது 19 தரம். 20இன் வர்க்கத்தை 19இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.108. அதை 9.78 ஆல் பெருக்கினால் 10.84. அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். தன் விடை ஏன் பிழைத்தது என்பதை இரண்டாம் தசம தானம் வரைக்கும் அவரால் சொல்ல முடிந்தது. அவர் திருத்தி எழுதிய பந்தியை, அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் அடுத்த வகுப்புகளுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

நம் ஊருக்கே உரிய வழுக்களும் உண்டு. பனிக்கட்டி உருகலின் மறைவெப்பம் காணும் செய்முறையில், அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே தொடங்கி அதேயளவு கீழே முடிக்கச் சொல்வார்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம். நீரின் வெப்பநிலை பனிபடுநிலைக்கு (காற்றிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே போனால் கலோரிமானியின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கிவிடும். ஒடுங்கும் நீராவி வெப்பத்தை உள்ளே கொடுக்கும், கடைசியில் நிறுக்கும்போது அந்த நீரும் பனிக்கட்டியின் கணக்கில் சேரும். இரண்டும் விடையை ஒரே பக்கம், கீழே தள்ளும். பனிக்கட்டியை ஒற்றித் துடைக்காமல் போட்டாலும் அப்படித்தான். "கலோரிமானியின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகளைக் கண்டோம். எனவே எங்கள் பெறுமானம் உண்மைப் பெறுமானத்திலும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு" என்று எழுதிய பிள்ளை கண்ணால் கண்டதைக் காரணமாக்கியிருக்கிறார். எல்லாக் கொப்பியிலும் நான் தேடுவது இந்த மாதிரி ஒரு வசனத்தைத்தான்.

கரையோரப் பாடசாலைகளில் உப்புக் காற்றுப் பட்டுத் திருகுக் கணிச்சி (சிறு தடிப்புகளை அளக்கும் கருவி) துருப்பிடித்திருக்கும். பூச்சிய வழுவை, அதாவது ஒன்றும் வைக்காதபோதே கருவி காட்டும் வாசிப்பை, ஒவ்வொரு நாளும் பார்த்து, தொகையோடும் குறியோடும் எழுதுங்கள்.

வரைபு வரைந்தால் அதைப் பற்றி எழுதவும் வேண்டுமா?

வேண்டும். "வரைபு ஒரு நேர்கோடு" என்பதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அலைவு காலத்தின் வர்க்கத்தை நூலின் நீளத்துக்கு எதிரே குறித்திருந்தால், கோடு உற்பத்தியூடாக (இரண்டு அச்சும் பூச்சியமாகும் புள்ளியூடாக) போகிறதா என்று பாருங்கள். குண்டின் உச்சிவரை மட்டும் நீளத்தை அளந்திருந்தால் போகாது. நீள அச்சைப் பூச்சியத்துக்கு இடப்பக்கம் வெட்டும். அப்போது இப்படி எழுதலாம்: "கோடு நீள அச்சைப் பூச்சியத்துக்கு இடப்பக்கம் 1.0 சென்ரிமீற்றரில் வெட்டியது. குண்டின் விட்டத்தை வேணியர் இடுக்கியால் அளந்தபோது 2.0 சென்ரிமீற்றர் கிடைத்தது. வெட்டுத்துண்டு குண்டின் ஆரைக்குச் சமமாக இருப்பதால், நாங்கள் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் விட்டதையே அது காட்டுகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கப் பயன்படும் படித்திறனை (கோட்டின் சரிவை) இது பாதிக்காது."

இதே பிள்ளை ஒரே ஒரு நீளத்தை, ஒரு மீற்றர் ஊசலை, வைத்துக் கணித்திருந்தால் 9.68 வந்திருக்கும், காரணமும் தெரிந்திருக்காது. வரைபை ஏன் வரைகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. அச்சுக்குப் பெயரும் அலகும் எழுதுவதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எத்தனை தசம தானத்துக்கு எழுதுவது?

கணிகருவி 9.7438216 என்று காட்டும். நிச்சயமின்மையை ஒரு பொருளுடை இலக்கத்துக்கு, மிஞ்சினால் இரண்டுக்கு எழுதுங்கள். விடையையும் அதே தானத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

பிழையாக எழுதிய வாசிப்பை டிப்பெக்ஸ் போட்டு அழிக்கலாமா?

வேண்டாம். ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் ஏன் வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். வாசிப்புகளைப் பேனையால், நேரடியாகக் கொப்பியில் எழுத வேண்டும். துண்டுத் தாளில் எழுதி வீட்டில் போய் அழகாகப் பார்த்தெழுதுவது நம்மிடம் வேரூன்றிய பழக்கம். அந்தப் பார்த்தெழுதும் நேரத்தில்தான் வாசிப்புகள் மெல்ல மெல்ல "நல்ல" எண்களாக மாறிவிடுகின்றன.

நான் உயர்தரம் படித்தபோது மேல் வகுப்பு அண்ணா ஒருவரின் கொப்பி எங்களுக்குள் கைமாறி வந்தது. செய்யாத செய்முறைகளை அதைப் பார்த்து எழுதிக் கையொப்பமும் வாங்கினோம். யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முதல் நாள், நான் கண்டதை ஐந்து வரியில் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நாளின் கவலை இன்னும் எனக்குள் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பரடே தன் ஆய்வுக் குறிப்பேட்டின் பந்திகளுக்குத் தொடர் இலக்கமிட்டு வந்தார். அது 16,000ஐத் தாண்டியது. புவியீர்ப்புக்கும் மின்னுக்கும் தொடர்பு தேடி அவர் செய்து ஒன்றும் கிடைக்காமல் போன பரிசோதனைகளும் அதில் இருக்கின்றன. அவற்றையும் அவர் அழிக்கவில்லை.

தமிழில் எழுதிப் பழகினால் பல்கலைக்கழகத்தில் கஷ்டப்பட மாட்டார்களா?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், சம்மாந்துறையில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் விஞ்ஞானப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. உயர்தரத்தைத் தமிழில் முடித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு முதல் வருடம் கடினம். செய்முறை விளக்குநராக இருந்தபோது அந்த அறிக்கைகளை நான்தான் வாசித்தேன். அவற்றில் ஆங்கில இலக்கணப் பிழைகள் இருந்தன, அவை நாளடைவில் குறைந்தன. குறையாமல் நின்றது வேறு: எதை முதலில் சொல்வது, எது காரணம், எது விளைவு, எந்த எண் எதைத் தாங்கி நிற்கிறது என்ற ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தாய்மொழியில் பழகி வந்தவர்கள் ஆங்கிலத்துக்கும் அதைக் கொண்டுபோனார்கள். ஆகவே பாடசாலையில் தமிழில் நன்றாக எழுதப் பழக்குவது வீண்போகாது. பல்கலைக்கழகம் போகிறவர்கள் முதல் சில மாதம் அவதானிப்பைத் தமிழில் குறித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை.

விஞ்ஞானத்தைத் தமிழில் திருத்தமாக எழுத முடியாது என்று யாராவது சொன்னால், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை நினைவூட்டுங்கள். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. சென்னையில் அறிவியல் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் எண் கணக்கோடு ஆராய்ந்து எழுதியவர்.

கலைச்சொல்லில் ஒரு எச்சரிக்கை. யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படிக்கிறீர்கள், நல்லது. ஆனால் அங்கே "நிறை" என்பது நாம் "திணிவு" என்று சொல்வது. அவர்கள் "எடை" என்பதுதான் நம்முடைய "நிறை". "முடுக்கம்" நமக்கு "ஆர்முடுகல்". ஒரே அறிக்கையில் இரண்டையும் கலந்தால் கிலோகிராமும் நியூட்டனும் இடம்மாறிப்போகும்.

நாற்பது கொப்பியை ஓர் ஆசிரியர் எப்படித் திருத்துவது?

சக ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பது. நாற்பதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை திருத்தப் போனால் கடைசிப் பத்துக்கும் சரி அடையாளம் மட்டும்தான் விழும், அதுவும் மூன்று வாரம் பிந்தி. நான் ஒரு செய்முறைக்கு ஒரு பகுதியை மட்டும் திருத்துகிறேன். முதல் செய்முறையில் செய்கைமுறை மட்டும். அடுத்ததில் வரைபைப் பற்றிய பந்தி. அதற்கடுத்ததில் கலந்துரையாடல். எதைத் திருத்தப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அடுத்த செய்முறைக்கு முன் கொப்பி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

"விளக்கம் போதாது", "நன்று" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். அதைப் பார்த்து யாரும் எதையும் திருத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பதில் ஓரத்தில் கேள்வி எழுதுகிறேன்: "எதுவரை அளந்தீர்கள்?" "இது விடையைக் கூட்டுமா குறைக்குமா?" ஒரு கொப்பிக்கு மூன்று கேள்விக்கு மேல் இல்லை. பிள்ளை அந்த ஒரு பந்தியை மட்டும் திருப்பி எழுதிக் கொண்டுவர வேண்டும். புள்ளி திருப்பி எழுதியதற்குத்தான். முழு அறிக்கையையும் திருப்பி எழுதச் சொன்னால் வெறுத்துப்போவார்கள், ஒரு பந்தியென்றால் எழுதுவார்கள்.

செய்முறை முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுவதற்கென்று ஒதுக்குங்கள். கருவி இன்னும் மேசையில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்கலாம். வீட்டில் இரவு எழுதும்போது அந்த வசதி இல்லை.

தலைப்புக்குச் சிவப்புக் கோடு, பெட்டி போட்ட முடிவு, நிறப்பென்சில் படம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. அழகாக இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் புள்ளி எங்கே போகிறதோ அங்கேதான் பிள்ளையின் நேரமும் போகும். அந்தப் புள்ளிகளில் பாதியையாவது கலந்துரையாடலுக்கு மாற்றிப் பாருங்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதினால் என்ன?

வசனத்தைச் சீராக்க அது உதவலாம். அன்று யன்னலால் காற்று வந்ததும், உங்கள் கலோரிமானி வியர்த்ததும் அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான். வாசிப்பு அட்டவணையில் நான் ஆய்வுகூடத்திலேயே கையொப்பம் வைத்துவிடுகிறேன். அறிக்கை அந்த அட்டவணையோடு பேசுகிறதா என்று பார்ப்பேன். பேசவில்லையென்றால் அது யார் எழுதியது என்று விசாரிக்கத் தேவையே வருவதில்லை.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடமே சரியாக இல்லை. எதை வைத்து எழுதிப் பழகுவது?

உட்புறப் பிரதேசங்களில் இருந்து வரும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. ஒரு மீற்றருக்கு மேல் நூல், ஒரு பூட்டு, தைக்கும் வேலைக்கு வைத்திருக்கும் அளவு நாடா, வீட்டில் யாருடையதாவது கைபேசி. நிலையில் ஓர் ஆணி. காற்று அடங்கிய நேரம் பார்த்து, ஐந்து வெவ்வேறு நீளத்துக்கு 20 அலைவுகளின் நேரத்தை எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தரம்.

பூட்டுக்கு மையம் எங்கே என்று தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஆணியிலிருந்து பூட்டின் வளையம்வரை அளந்தால் போதும். மேலே சொன்னதுபோல வெட்டுத்துண்டு அதைப் பார்த்துக்கொள்ளும், படித்திறன் மாறாது. பூட்டு நூலோடு சேர்ந்து ஒரே தளத்தில் ஆடியதா, முறுகிச் சுழன்றதா என்று கவனித்து அதையும் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். எழுதியதை அந்தச் செய்முறையைச் செய்யாத ஒருவரிடம், தங்கச்சியோ கூட்டாளியோ, கொடுத்து அதன்படி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாரோ, அந்த வசனத்தின் கீழ் கோடு போட்டு வையுங்கள். திருப்பி எழுதும்போது அங்கிருந்து தொடங்கலாம்.